மட்டக்குதிரையின் முதுகும் ஒரு நல்ல சேணமும்

சிற்பத்தையும் ஓவியத்தையும் வீணையின் குடத்தையும் நின்று பார்த்து ரசிக்கப் பழகிய கண்கள், உயிருள்ள ஒரு பிராணியின் முதுகின்மேல் உயிருள்ள ஒரு குழந்தையை அமர்த்தி, இருவரில் எவருக்கும் நோவு உண்டாகாதபடி இடையில் இருந்து காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கும் குதிரைச் சேணத்தை, அதிலும் மட்டக்குதிரைக்கென்றே அளவெடுத்துத் தைத்த சின்னஞ்சிறு சேணத்தை, ஒரு கலைப்பொருளாகக் கருதித் தயங்கி நிற்பது அபூர்வம். நம் முன்னோர் அப்படி இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்திலே, தூண்களிலிருந்து பாய்ந்தெழும் குதிரைகளைச் செதுக்கிய சிற்பிகள், வீரனின் மீசைக்கும் வாளுக்கும் எவ்வளவு சிரத்தை காட்டினார்களோ அவ்வளவு சிரத்தையைக் குதிரையின் மார்பில் படியும் வாருக்கும் முதுகில் படியும் ஆசனத்துக்கும் காட்டியிருக்கிறார்கள். கல்லிலே வடித்த அந்த வார்களைப் பார்க்கிறபோது, செதுக்கியவன் தோல்வாரைக் கையில் பிடித்து இழுத்துப் பார்த்தவனாகத்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டாவதுண்டு.

அந்தக் காஞ்சிக்குப் போகும் பெருவழியை ஒட்டித்தான், பூந்தமல்லியையும் திருமழிசையையும் கடந்தவுடன், எங்கள் குத்தம்பாக்கம் இருக்கிறது. ஏரிப்பாசனத்தால் நெல் விளைந்த பூமி. இப்போது நகரம் அதன் வாசலுக்கே வந்துவிட்டது. நகரத்தோடு வந்த புதிய ஆசைகளில் ஒன்று, பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் கற்பிக்கவேண்டும் என்பது. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெங்களூர் இளைஞரான ஃபவாத் மிர்சா வெள்ளிப் பதக்கங்கள் பெற்றதும், 2023இல் ஹாங்சோவில் நம் நாட்டுக் குதிரையேற்ற அணி தங்கமே பெற்றதும், அந்த ஆசைக்கு நல்ல உரமாயின என்று நினைக்கிறேன். பெற்றோர் பையனுக்கோ பெண்ணுக்கோ தலைக்கவசம் வாங்குகிறார்கள், பூட்ஸ் வாங்குகிறார்கள், மட்டக்குதிரை ஒன்றையும் விலை பேசுகிறார்கள்; கடைசியாக, மீந்த பணத்துக்குள் அடங்குவதாக ஒரு சேணத்தைத் தேடுகிறார்கள். தேடும்போது அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, குழந்தைக்குச் சரியாக இருக்குமா என்பது. குதிரைக்குச் சரியாக இருக்குமா என்று கேட்பவரைக் காண்பது அரிது.

இந்த மறதி நம்மிடையே புதிதாக முளைத்ததன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிநாட்டைக் கண்டெழுதிய மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கடல்வழியாக வந்திறங்கிய குதிரைகள், அவற்றைப் பேணும் வகை அறிந்தவர் இல்லாத காரணத்தால் மாண்டுபோயின என்று குறித்து வைத்தார். ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போய்ப் பாருங்கள்: வாங்க வந்தவர்கள் குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்து சுழி பார்ப்பார்கள், நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, நெஞ்சுச் சுழி எல்லாவற்றையும் விரல்வைத்துத் தடவி, சுழி சுத்தம் என்று திருப்தி அடைந்த பிறகே துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவார்கள். அந்த நுட்பத்தில் நான் குறை காணவில்லை. அது ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்த ஞானம். அதே விரல்கள் இன்னும் ஒரு சாண் பின்னால் நகர்ந்து, நாளைக்கு ஒரு குழந்தையின் பாரத்தைத் தாங்கப்போகிற முதுகையும் தடவிப் பார்த்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்பதே என் ஆதங்கம்.

மட்டக்குதிரையைப் பெரிய குதிரையின் சிறிய பிரதி என்று எண்ணுவோர்க்குச் சேணத்தின் விஷயத்தில் தொல்லைதான் மிஞ்சும். குதிரைக்காரர்கள் உயரத்தைக் கைக்கணக்கில் சொல்வார்கள். ஒரு கை என்பது நான்கு அங்குலம். பதினான்கு கையும் இரண்டு அங்குலமும் வரையிலுள்ளதை மட்டம் என்பது உலகெங்கும் பொது வழக்கு. உயரத்தில் மட்டுமே வேறுபாடு இருந்தால் கவலையில்லை. கிண்டிப் பந்தயத்தில் ஓடுகிற உயர்ஜாதிக் குதிரையின் பிடரி முடியுமிடத்தில், தோள்மேடு குறுகி உயர்ந்து எழுந்து நிற்கும். சேணம் அந்த மேட்டைக் கவ்விக்கொண்டு இடவலமாகச் சாயாமல் நிற்கும். மட்டக்குதிரைக்கோ அந்த மேடு அநேகமாக இல்லை. முதுகு அகலம், விலா உருண்டை, நீளம் குறைவு, வயிறு பெரிது. சேணத்துக்குப் பிடிமானமே இல்லாத இந்த உருண்டையின்மேல், இன்னும் தன் உடலைச் சமநிலைப்படுத்தக் கற்றுக்கொள்ளாத ஒரு குழந்தை உட்கார்ந்து, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, ஒரே அங்கவடியில் பாரமெல்லாம் போட்டு அழுத்துகிறது. வயிற்றுவாரோ பெருத்த வயிற்றினால் முன்னே தள்ளப்பட்டு, சேணத்தையும் தன்னோடு தோளின்மேல் இழுத்துக்கொண்டு போகிறது. கடினமான வேலையைச் சின்னச் சேணம் செய்கிறது. ஆகவே சின்னச் சேணம் தைக்கிறவனுக்குத்தான் பெரிய வித்தை வேண்டும்.

அந்த வித்தையை அருகிலிருந்து காணும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. எங்கள் தோப்பில் நிற்கும் செவலை என்ற மட்டத்துக்கு, என் பேத்தி ஏறிப் பழகுவதற்காக, ஒரு சேணம் வேண்டியிருந்தது. தோல் வியாபாரத்துக்குப் பேர்போன பெரியமேட்டில், வார் வேலையில் தலை நரைத்த பாய் ஒருவரை வரவழைத்தோம். பேத்தியைக் குதிரையின் பக்கத்தில் நிறுத்தி, “இவளுக்குத்தான் பாய், அளவு எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். அவர் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். “பாப்பா அளவு அப்புறம் எடுத்துக்கலாம் சார். மொதல்ல குதிரைய சமமான தரையில நிக்க வையுங்க” என்றார்.

களத்துச் சிமெண்டுத் தரையில் செவலையை நிறுத்தினோம். நான்கு கால்களிலும் பாரம் சமமாக இறங்கும்வரை அவர் காத்திருந்தார். பின்காலொன்றை அது தளர்த்தி நின்றபோதெல்லாம், அவசரப்படாமல், மறுபடி ஓரடி நடத்தி நிறுத்தச் சொன்னார். பிறகு கட்டைவிரலால் தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைத் தேடிப் பிடித்து, அங்கே சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை பின்னால், வளைத்தால் வளைத்தபடியே நிற்கும் தடித்த ஈயக்கம்பியொன்றை முதுகின் குறுக்கே வைத்து, இருபுறமும் உள்ளங்கையால் நீவி நீவிப் படியவைத்து, வடிவம் கலையாமல் தூக்கி, ஓர் அட்டையின்மேல் வைத்துப் பென்சிலால் உட்கோட்டை வரைந்தார். ஒரு சாண் பின்னால் தள்ளி இன்னொரு கோடு. ஆசனத்தின் பின்முனை வரக்கூடிய இடத்தில் மற்றொன்று. முதுகெலும்பின் நீளவாக்கில், அதன் குழிவு தெரியும்படி, கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கோட்டிலும் இடம், வலம் என்று எழுதத் தவறவில்லை. ஏனென்று கேட்டபோது, செவலையின் இடத்தோள் வலத்தோளைவிடச் சற்றுப் பருத்திருப்பதை அட்டையிலேயே காட்டினார். என் கண்ணுக்குப் பல நாள் எட்டாத செய்தியை ஒரு ஈயக்கம்பி சொல்லிவிட்டது.

சேணத்தின் உயிர்நிலை அதன் உள்ளே மறைந்திருக்கும் மரச்சட்டம். எஃகுத்தகடு வைத்து இறுக்கிய அந்தச் சட்டத்தின் முன்வளைவு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதே குதிரையின் சுகதுக்கத்தை முதலில் தீர்மானிக்கிறது. வளைவு குறுகலாயிருந்தால், சேணம் முதுகில் அமராமல் உயர்ந்து நின்று, இரண்டு முனைகளாலும் தோளின் பின்புறத்தைக் கிடுக்கிப் பிடிக்கும். அகலம் மிகுந்துவிட்டால் தாழ்ந்துபோய் எலும்பின்மேலேயே உட்கார்ந்துவிடும். குறுகிய சேணத்தின் அடியில், கம்பளி விரிப்பான நம்தாவை இரண்டாக மடித்துத் திணித்தால் நோவு குறையும் என்று நம்புகிறவர்கள் அநேகர். குறுகிய இடத்துக்குள் மேலும் கனத்தைத் திணித்தால் இறுக்கம் கூடுமேயல்லாமல் குறையாது. பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைக்கு வாங்கிய சேணத்தை, வீணாகக் கிடக்கிறதே என்று மட்டத்தின்மேல் கட்டுகிற வழக்கத்தை நான் கண்டிக்காமல் இருக்க முடியாது.

பாரத்தைத் தாங்கவேண்டியது முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் நீண்ட தசைகளே. எலும்பின்மேல் எள்ளளவும் படக்கூடாது. அதனால்தான் சேணத்தின் அடியில் இரண்டு திண்டுகளை வைத்து, நடுவே முன்னிருந்து பின்வரை ஒரே அகலமாகக் கால்வாய்போல் இடைவெளி விட்டுத் தைக்கிறார்கள். குழந்தை ஏறி உட்கார்ந்த பிறகும் முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழையவேண்டும். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் அந்தக் கால்வாயின் மறுகோடியில் வெளிச்சம் தெரியவேண்டும். ஆசனம் பின்னோக்கி நீண்டு கடைசி விலாவைத் தாண்டவும் கூடாது. அதற்கு அப்பால் பாரம் தாங்க எலும்புக்கூட்டின் ஆதாரம் கிடையாது. குட்டையான முதுகுள்ள மட்டத்துக்கு இந்த எல்லையே பெரிய நிர்ப்பந்தம். தோளை விட்டு விலகவும் வேண்டும், விலாவைத் தாண்டாமலும் இருக்கவேண்டும் என்றால், மிச்சமிருக்கும் இடம் எத்தனை அங்குலம் என்று பாருங்கள். அதற்குள் ஒரு ஆசனத்தையே அமைக்கிறான் அந்தத் தொழிலாளி.

வைக்கிற முறையிலும் ஒரு நேர்த்தி உண்டு. சேணத்தைச் சற்று முன்னாலேயே வைத்து, மயிர் படியும் திசையில் மெல்லப் பின்னோக்கி நகர்த்தினால், தோளெலும்பைத் தாண்டியதும் தானாக ஓரிடத்தில் நின்றுவிடும். அந்த இடத்தைக் குதிரையின் முதுகே குறித்துக் கொடுக்கிறது. அப்போது ஆசனத்தின் ஆழமான பகுதி தரைக்குச் சமமாக இருக்கவேண்டும். முன்பக்கம் தாழ்ந்தால் குழந்தை கழுத்தின்மேல் விழும். பின்பக்கம் தாழ்ந்தால் கால்கள் முன்னே போய், நாற்காலியில் சாய்ந்தவனைப்போல் ஆகிவிடும். உள்ளங்கையை விரித்துத் திண்டின் அடியில் முன்னிருந்து பின்வரை செலுத்திப் பார்க்கவேண்டும். நடுவில் மட்டும் கை தளர்ந்து இரண்டு கோடியிலும் இறுகினால், பாரம் நான்கு புள்ளிகளில் மாத்திரம் விழுகிறது என்று அர்த்தம்; நடுவில் இறுகிக் கோடிகளில் தளர்ந்தால், சேணம் முன்னும் பின்னும் ஆடும். பாய், செவலையின்மேல் பேத்தியை ஏற்றி நடக்கவிட்டு, பக்கத்திலேயே நடந்துகொண்டு, அடியில் விட்ட கையை எடுக்காமல், தோள் முன்னும் பின்னும் போய்வரும்போது ஏற்படும் அழுத்தத்தை நெடுநேரம் ஆராய்ந்தார். நிற்கிற குதிரையின் முதுகு வேறு, நடக்கிற குதிரையின் முதுகு வேறு என்பது அவர் சித்தாந்தம்.

இத்தனையும் சரியான பிறகும் உருண்டை உடம்புள்ள மட்டத்தில் சேணம் நகரத்தான் பார்க்கும். முன்னே நகராமல் தடுக்க வாலின் அடியில் கொடுக்கும் வால்வார் இருக்கிறது. நன்றாகத் திரட்டி மெத்தென்று தைத்து, எண்ணெயிட்டு மிருதுவாக்காவிட்டால் அதுவே புண்ணாக்கிவிடும். வயிற்றுவாரைப் பூட்டும் பட்டைகளில் ஒன்றைச் சட்டத்தின் முன்முனையிலேயே இணைப்பது இன்னொரு நல்ல உபாயம். வாரைக் குதிரையின் முழங்கையிலிருந்து ஏறக்குறைய ஓர் உள்ளங்கை தள்ளியே கட்டவேண்டும்; கட்டி முடித்ததும் முன்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி முன்னே நீட்டிவிட்டால், வாரின் அடியில் மடிந்த தோல் நீவிக்கொள்ளும். இந்தச் சிறு உபசாரத்தைச் செய்ய என் பேத்தி ஒருநாளும் மறப்பதில்லை என்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

இனிக் குழந்தை. வளர்கிற பிள்ளை என்று சொல்லி, தீபாவளிச் சட்டையை ஒரு சுற்றுப் பெரிதாக எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். சேணத்தை அப்படி எடுக்கக்கூடாது. பெரிய ஆசனத்தில் சின்னக் குழந்தை முன்னும் பின்னும் வழுக்கும். வழுக்காமல் இருக்கும் பொருட்டு லகானைப் பற்றித் தொங்கும். அந்தத் தொங்கல் குதிரையின் வாயில் இரும்பாக இறங்கும். முன்மேட்டின் பக்கத்துப் பித்தளை ஆணியிலிருந்து பின்மேட்டின் நடுவரை அளப்பதே ஆசனத்தின் அளவு. உட்கார்ந்த குழந்தைக்குப் பின்னால் அதன் கையளவு இடம் இருந்தால் போதும். மட்டக்குதிரை இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் வாழக்கூடியது. ஒரு குழந்தை அதன்மேல் ஏறும் பருவமோ நாலைந்து வருஷத்தில் கடந்துவிடும். அண்ணன் இறங்கத் தங்கை ஏறி, தங்கை இறங்க அடுத்த வீட்டுப் பிள்ளை ஏறினாலும், அடியிலிருக்கும் முதுகு ஒன்றே. சேணம் குதிரைக்குச் சொந்தம் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

அங்கவடியைப்பற்றிச் சிக்கனம் பேசுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை. சாஞ்சிச் சிற்பங்களிலேயே, கால் பெருவிரலை நுழைத்துக்கொள்ளும் கயிற்று வளையத்தைக் காண்கிறோம். மிதித்து ஊன்ற ஓர் ஆதாரம் வேண்டும் என்ற எண்ணம் இந்த நாட்டில் அவ்வளவு பழையது. ஊன்றிய கால் வேண்டியபோது விடுபடவேண்டும் என்பதோ அதனினும் முக்கியமானது. விழுந்த குழந்தையின் கால் வளையத்தில் மாட்டிக்கொண்டு, மிரண்ட குதிரை இழுத்துக்கொண்டு ஓடுவதைவிடக் கொடிய விபத்து இக்கலையில் இல்லை. ஆகவே பூட்ஸின் அகலத்தைவிட ஓர் அங்குலம் அகன்ற வளையம் வேண்டும். பூட்ஸுக்குக் குதி வேண்டும். குழந்தைகளுக்கென்று, வெளிப்பக்கம் இரும்புக்குப் பதிலாகத் தடித்த ரப்பர் வளையம் மாட்டிய அங்கவடி கிடைக்கிறது, கால் இழுபட்டால் ரப்பர் கழன்று விழுந்துவிடும், அதையே வாங்கவேண்டும். அங்கவடி வாரைத் தாங்கும் இரும்புக் கொண்டியின் நாக்கைத் திறந்தே வைக்கவேண்டும்.

தோலைப்பற்றிப் பேசத் தொடங்கினால் தொண்டைநாட்டானுக்குச் சற்று அபிமானம் மேலிடுவது இயற்கை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிட்ட நம் தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரோடு லண்டன் சந்தையில் நெடுங்காலம் விலைபோயிற்று. 2008ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் அதற்குக் கிடைத்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுவதும் இந்தத் தொழில் பரவியது. 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. இருந்தும் சேணத்துக்கென்று பேர்பெற்ற ஊர் கான்பூர்தான். ராணுவத்துக்காக 1860களில் அங்கே ஏற்பட்ட தொழிற்சாலையின் வழியாக வேர்விட்ட கைத்திறன், இன்று இங்கிலாந்தின் வால்சால் நகரத்துச் சேணக்காரர்களோடு ஒரே சந்தையில் நிற்கிறது. கான்பூருக்கு எழுதிச் சேணம் தருவிப்போர், பாய் வரைந்ததைப் போன்ற அட்டைக்கோடுகளையும் உடன் அனுப்பிவிடுவது உத்தமம்.

நல்ல சேணத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பேன். மேற்புறத்தின் பளபளப்பை எவனும் கொண்டுவந்துவிடலாம். திண்டுக்குள் அடைத்த கம்பளிமயிர் கட்டிதட்டாமல், விரலால் அழுத்தினால் ஒரே சீராக உள்வாங்கி ஒரே சீராக மீள்கிறதா என்பதில்தான் தொழிலாளியின் மனச்சாட்சி தெரியும். மெழுகிட்ட நூலால் இட்ட தையல், திண்டின் வளைவில் திரும்பும்போதும் இடைவெளி மாறாமல் செல்லவேண்டும். தாவரப் பதனீட்டுத் தோலின் விளிம்பைத் தேய்த்து மழுக்கி வழவழப்பாக்கிய சேணம், புதிதில் வெளிறிய தேன்நிறமாயிருந்து, எண்ணெயும் வெயிலும் கையும் பட்டுப் பட்டு, வருஷங்கள் செல்லச்செல்ல ஆழ்ந்த பழுப்பாகக் கனிகிறது. அந்த நிறத்தை எந்தச் சாயமும் தந்துவிடாது. அதனால் மலிவான புதியதைக் காட்டிலும் உயர்ந்த வேலைப்பாடுள்ள பழையதையே நான் விரும்புவேன். ஆனால், முன்வளைவை இரு கைகளாலும் பிடித்து அகட்டியும் நெருக்கியும் பார்த்து, பின்மேட்டைத் தொடையில் அண்டவைத்து வளைத்துப் பார்த்து, கிறீச்சென்று சத்தமோ துவளலோ தென்பட்டால், எவ்வளவு அழகிய தோலானாலும் கீழே வைத்துவிடவேண்டியதுதான். முறிந்த சட்டம் குதிரையின் முதுகை முறிக்கும்.

சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் குதிரையின் வேர்வையைப் படிக்கவேண்டும். எலும்பின் நெடுகிலும் உலர்ந்த ஒரு பாதையும், அதன் இருமருங்கிலும் ஒரே சீரான ஈரமும் இருந்தால் எல்லாம் க்ஷேமம். ஈரத்தின் நடுவே கையகலம் உலர்ந்த திட்டு ஒன்று தென்பட்டால், அங்கே அழுத்தம் மிகுந்து வேர்வை சுரக்கவே இடமில்லாமல் போயிற்று என்று கொள்ளவேண்டும். அதை அசட்டை செய்தால் நாளடைவில் அவ்விடத்தில் வெள்ளைமயிர் முளைக்கும். செவலை நிறத்துக் குதிரையின் தோளில் தோன்றும் அந்த வெண்புள்ளிகளை அழகென்று எண்ணிச் சந்தையில் வாங்குவோரும் உண்டு.

ஐப்பசி மழையில் எங்கள் பக்கத்துப் புல் செழித்து, மார்கழிக்குள் மட்டங்கள் எல்லாம் கொழுத்து நிற்கும். சித்திரை வெயிலில் அதே உடம்பு இளைத்துவிடும். ஒருமுறை பொருந்திய சேணம் எந்நாளும் பொருந்தும் என்று இருந்துவிடலாகாது. ஆகையால் பாய் தம் அட்டையைச் சுருட்டி எடுத்துச் செல்லாமல் எங்கள் லாயத்துச் சுவரிலேயே மாட்டிவிட்டு, தை பிறந்ததும் ஒருமுறை, கோடை முடிந்ததும் ஒருமுறை கம்பியை வைத்து ஒத்துப்பார்க்கச் சொல்லியிருக்கிறார். கோடு விலகினால் திண்டைப் பிரித்துக் கம்பளியைக் கூட்டவோ குறைக்கவோ அவரே வருவார். மழைக்காலத்தில் தோலில் பூஞ்சை படியாதிருக்க, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காற்றாட உலர்த்தி, சேணச் சோப்பு இட்டுத் தேய்க்கிற வேலையைப் பேத்தியிடமே ஒப்படைத்திருக்கிறோம்.